ரெண்டுதரம் ஊது, ராசா

மூன்றாம் நம்பர்க் குழுவும் குழலை ஒரே ஒரு தரம்தான் ஊதியது. வெள்ளைச் சீலைத் திரைக்குப் பின்னால் நடுவர் கதிரையில் இருந்த பெர்னடெட் ரீச்சர் புள்ளித் தாளைப் பார்த்தாள். இன்னும் இரண்டு குழுக்கள்தான் மிச்சம். படித்துப் படித்துச் சொன்னதை மகன் கனிசியஸ் மறந்துவிட்டானோ?

குருநகர்த் தேவாலயப் பங்கு மண்டபத்தில் பாட்டுப் போட்டி. காலையில் நால்வர் குழுக்கள், மத்தியானத்துக்கு மேல் பெரிய பாடகர் குழுக்கள். வாத்தியம் கூடாது, தொடங்கும் சுருதியைச் சின்னக் குழலில் ஊதிக்கொண்டு, நாலு பேரும் நாலு குரலில் வெறுமனே பாட வேண்டும். குழல் இல்லாத குழு மற்றவர்களிடம் இரவல் வாங்கலாம் என்றுகூட விதியில் எழுதியிருந்தார்கள்.

குழுக்களுக்குப் பெயர் கிடையாது, சீட்டிழுத்த நம்பர் மட்டும்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொந்தக்காரர் பாடாத நடுவரை எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் நடுவரையும் மேடையையும் பிரித்து அந்தச் சீலை. நாலு குரலும் ஒன்றாக ஒட்டிவிட்டால் பெற்ற தாய்க்கும் தன் பிள்ளையின் குரலைப் பிரித்தெடுக்க வராது.

இந்தத் தாய் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

வெல்லும் நால்வர் இறுதிப் போட்டிக்குக் கொழும்புக்குப் போவார்கள். குடாநாட்டை விட்டு வெளியேற இளந்தாரிகளுக்குப் பாஸ் கிடைக்காத தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், அந்த நாலு பேருக்கு மட்டும் எப்படியாவது பாஸ் எடுத்துத் தருவதாகப் பங்குச் சுவாமியார் வாக்குக் கொடுத்திருந்தார். கிளாலியில் வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடந்துவிட்டால் போதும், கொழும்பில் பெர்னடெட்டின் தமக்கை வீடு இருக்கிறது. போனவன் அங்கேயே நின்றுவிடலாம்.

கடலுக்குப் போன புருஷன் நீக்கிலாப்பிள்ளை திரும்பி வரவில்லை. போன கிழமை பக்கத்து ஒழுங்கையில் விழுந்த குண்டில் கனிசியஸின் வகுப்புத் தோழன் ஒருவன் போய்விட்டான். இருக்கிற ஒற்றை மகனையாவது உயிரோடு அனுப்பிவிட வேண்டும். களவு பாவமென்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் மகனின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "எல்லாரும் ஒருக்கா ஊதுவினம். நீ ரெண்டுதரம் ஊது, ராசா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவன் குழலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யோசியாதேங்கோ அம்மா. ரெண்டுதரம் கேக்கும்" என்றான்.

இப்போது மேடைப் பக்கமிருந்து மணிச்சத்தம். "நம்பர் நாலு!" என்று கூப்பிட்டார் போட்டியை நடத்தும் செபமாலை.

பீப்.

பெர்னடெட் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பீப்.

போன உயிர் திரும்பி வந்தது. பாட்டு பாதி வழியில் இருக்கும்போதே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் போட்டுவிட்டாள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த நடுவர் சீவரத்தினம் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்ன ரீச்சர், கண்ணை மூடிக்கொண்டு போடுறியள்? கீழ்க்குரல் நடுங்கினதெல்லோ?"

"அது நடுக்கமில்லை மாஸ்டர். பக்தி."

மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் தாளில் புள்ளி எழுதினார்.

ஐந்தாம் நம்பர் ஒருதரம் ஊதிவிட்டுத் தொடங்கியது. நாலு குரலும் ஒரே மூச்சாக எழும்ப, அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று கேட்டதில் அதுதான் பாட்டு, அதில் சந்தேகமே இல்லை. யார் பெற்ற பிள்ளைகளோ! அறுபத்தொன்று என்று எழுதினாள். 'அந்தோனியாரே, அந்தத் தாய்மார் என்னை மன்னிக்கட்டும்' என்று மனதுக்குள் அழுதாள்.

மற்ற நடுவர் இருவரும் ஐந்தாம் நம்பருக்குத்தான் கூடப் போட்டிருந்தார்கள். அவளுடைய அறுபத்தொன்று அதைக் கீழே இழுத்துவிட்டது.

"மூண்டு புள்ளியாலை முதலிடம், நம்பர் நாலு!"

சீலையை இழுத்தார்கள். மேடைக்கு ஏறியவர்களைப் பார்த்ததும் பெர்னடெட் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். மயிலிட்டியிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்து, பள்ளிக்கூடத்தில் அகதியாக இருக்கும் நாலு பேர் அவர்கள். கனிசியஸ் கீழே நின்று எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப அஞ்சாம் நம்பர்?"

"நாங்கள்தான் அம்மா."

"ஐயோ, என்ரை கையாலையே உன்னை வெட்டிப்போட்டனே! ஏன்ரா ஒருக்கா ஊதினனீ? மறந்திட்டியோ?"

"மறக்கேல்லை. அப்பாவும் இல்லை. நானும் போனா உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"அது கிடக்கட்டும். அவங்கள் ஏன் ரெண்டுதரம் ஊதினவங்கள்?"

கனிசியஸ் சட்டைப் பையிலிருந்து குழலை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

"அவையிட்டைக் குழல் இல்லை அம்மா. இரவல் குடுத்ததும் நான், ரெண்டுதரம் ஊதச் சொன்னதும் நான்தான்."