எழுபத்திரண்டு விழுக்காடு பாதுகாப்பு

ஓசூர்த் தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரம் ஓட்டும் லூர்துமேரிக்குக் காலையிலிருந்தே பயமாக இருந்தது. விசையைத் தொடாமலேயே, தகட்டை அழுத்தும் அச்சு இரண்டு முறை தானாக இறங்கிவிட்டது. பாதுகாப்பு அதிகாரி கதிரேசனை அழைத்துவந்து காட்டினாள்.

அவர் இயந்திரத்தைப் பார்க்காமல், அதன் பாதுகாப்பைக் கணித்துக் காட்டும் திரையை மேலே பார்த்தார். ஆபத்து, ஆபத்தில்லை என்று அது பிரித்துச் சொல்வதில்லை. “பெரும்பாலும் பாதுகாப்பு, எழுபத்திரண்டு விழுக்காடு” என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே இறங்கினால்தான் இயந்திரத்தை நிறுத்த அவருக்கு அனுமதி உண்டு.

“நிறுத்த எனக்கு வழியில்லம்மா. ஓட்டுங்க.”

“நான் கையை உள்ள விடட்டுமா, வேணாமா சார்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“அநேகமா விடலாம்.”

“அப்ப நீங்க ஒருதடவை விட்டுக் காட்டுங்க.”

கதிரேசன் கையை நீட்டினார். அச்சின் விளிம்புவரை போன விரல்கள் அங்கேயே நின்றன. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டவர், நேராகப் போய் சுவிட்சை அணைத்தார். அனுமதியின்றி நிறுத்தியவர் என்று அவருடைய பெயர் உடனே திரையில் சிவப்பாக வந்தது.

“உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே சார்?”

“தெரியலம்மா.”

பக்கத்து இயந்திரத்தில் ஒரு பெண் கையை உள்ளே விட்டுத் தகட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இயந்திரத்தின் திரையில் எழுபத்தொன்று என்றிருந்தது. கதிரேசன் அந்தச் சுவிட்சை நோக்கி ஓடினார்.