நுரையூர்க் கதவுகள்

முதல் கதவைத் திறந்தாள். மூடினாள்.

அடுத்தது.

ஞாயிறு மதியம். சோபாவில் சாய்ந்து மடிக்கணினியை முழங்காலில் வைத்திருந்தாள். திரையில், இணைய விளையாட்டில் அவளுடைய உருவமான பச்சை அங்கிப் பெண், நுரையூர்த் தெருவில் நடந்தாள்.

நுரையூரின் எல்லா வீடுகளையும் விளையாட வந்தவர்களே கட்டினார்கள். வேலி, கிணறு, சந்தை எல்லாம் அவர்கள் கையால் வந்தவை. ஒரு சட்டம் மட்டும் விளையாட்டினுடையது.

ஒரு மாதம் திறக்கப்படாத வீடு இடிந்துவிடும்.

வீட்டுக்காரரால் வர முடியாவிட்டால், அவர் சாவி கொடுத்த ஒருவர் திறந்தாலும் போதும்.

எல்லாச் சாவிகளும் அவளிடம் இருந்தன.

யாழ்ப்பாணத்து நிரோஷினியின் நீலக் கதவு. "சோதினை முடிய வாறன் அக்கா. அதுவரைக்கும் ஒருக்கா திறந்து விடுங்கோ." பரீட்சை முடிந்தது. வேலை கிடைத்தது. நிரோஷினியின் கல்யாணப் படங்களை இவள் வேறெங்கோ பார்த்தாள்.

திறந்தாள். மேசையில் சாப்பாட்டுத் தட்டுகள் வைத்தபடியே இருந்தன.

மூடினாள்.

மலேசியா, ஈப்போ சர்வேசனின் மாடி வீடு. "ஒரு மாசம்தான்லா. நீங்க மேயராச்சே, பாத்துக்க மாட்டீங்களா?"

அவளை யாரும் மேயராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்கள் போனபோதும் போகாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

திறந்தாள். மூடினாள்.

விட்டுவிடலாம் என்று நினைக்காத வாரம் இல்லை. ஆனால் ஒரு வீடு போனாலும் தெரு முன்பல் விழுந்த முகம் மாதிரி ஆகிவிடும். பிறகு திரும்பி வருகிறவர்கள் எதைப் பார்த்து இதைத் தங்கள் ஊர் என்பார்கள்?

தோள் வலித்தது. கையை மாற்றிக்கொண்டாள்.

ஆற்றோரம் வந்ததும் நின்றாள்.

வரிசையின் கடைசியில் வீடு இல்லை. வெறும் புல்.

யார் வீடு என்று உடனே பிடிபடவில்லை. பக்கத்தில் இருப்பவர்களை வைத்து யோசித்துப் பார்த்தாள்.

அவளுடையது.

வீடு இடியப்போகிறது என்று எச்சரிக்கை வந்திருக்கும். சாவி அவளிடம் இருப்பதால் எல்லா வீட்டு எச்சரிக்கையும் அவளுக்கே வரும். படிக்காமலே மூடுவாள். எப்படியும் எல்லாவற்றையும் திறக்கத்தானே போகிறாள். ஒவ்வொரு முறையும் தன் வாசலைக் கடந்துதான் எதிர் வரிசைக்குப் போனாள். உள்ளே போக ஒரு வேலையும் இருந்ததில்லை.

புல்லின் நடுவே ஒருவன் நின்றிருந்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் பழுப்புச் சட்டை. கையில் சுத்தியல்.

அவன் தலைக்கு மேல் எழுத்துகள் தோன்றின.

"ஹாய் அக்கா! செம இடம் மாட்டிருக்கு, பாத்தீங்களா? இங்க இருந்தவங்க கேமையே விட்டுட்டுப் போயிட்டாங்க போல."

இது தன் இடம் என்று சொன்னால் நகர்ந்துவிடுவான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

"நீங்க இந்த ஊரா?"

அவள் தட்டினாள்.

"இல்லப்பா. சும்மா சுத்திப் பாக்க வந்தேன்."

"அப்ப உக்காருங்க. சுவர் கோணலா போனா சொல்லுங்க. எனக்குக் கண்ணு பத்தாது."

பச்சை அங்கிப் பெண் கரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு உட்காரத் தெரியும் என்பதே மறந்து போயிருந்தது.

தண்ணீர் ஓடியது. இவ்வளவு நாளும் அதற்குச் சத்தம் இருந்திருக்கிறது.

எதிர் வரிசை வீடுகளைத் திறக்க இன்றோடு கெடு முடிகிறது.

"வலப்பக்கம் கொஞ்சம் சாயுதுப்பா," என்று தட்டினாள்.