தொட்டதும் சொல்லோணும்

பழனாத்தாளின் உள்ளங்காலில் ஆறாத சர்க்கரைப் புண். அரசாங்கக் காப்பீட்டு அட்டையைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு அவள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. "காலை எடுக்கறதுன்னா இந்தக் கார்டுல எடுத்துக்கலாம் ஆத்தா. காப்பாத்தறதுக்குக் காசுதான்" என்றான் கடைசியாகப் போன இடத்தில் ஒருவன். "உன் வாயில மண்ணு விழ" என்று திட்டிக்கொண்டே படியிறங்கினாள்.

உரக்கடை மாடிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் அட்டையை வாங்கிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழனாத்தாளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அய்யோ, காலுங்க அம்மணி!"

அவள் காலை மடியில் வாங்கியவன் ஒருத்தன்தான். வேலை விட்டு வந்த சாயங்காலங்களில் அவள் புருஷன் ரங்கசாமி விரல் விரலாகச் சொடக்கெடுப்பான். கடைசியில் வேண்டுமென்றே உள்ளங்காலைச் சுரண்டுவான். அவள் கூசிச் சிரித்து அவன் நெஞ்சிலேயே உதைப்பாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் காலை யாரும் அப்படித் தொட்டதில்லை.

டாக்டரம்மா மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்கங்க. இதுல உள்ளங்கால்ல தொடுவேன். தொட்டதும் சொல்லோணும்."

பழனாத்தாள் கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு தாங்காமல் டாக்டரம்மாவை உதைத்துவிடக் கூடாதே என்று நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

"தொடுங்க அம்மணி."

விரல்களிலும் குதிகாலிலும் தொட்டு முடித்திருந்த டாக்டரம்மா, இழையை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கூச்சப்படாம தொடுங்க" என்றாள் பழனாத்தாள், கண்ணைத் திறக்காமல்.