பூவாயியின் ஆறு

ஊரின் முள் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆற்றின் வடகரையில் விளைந்தால் மட்டுமே சட்டப்படி ஊர்ப்பெயரில் விற்கலாம். பூவாயியின் வயலும் வடகரையில்தான் இருந்தது. போன வெள்ளத்தில் ஆறு தடம் மாறி வயலுக்கு வடக்கே வந்துவிட்டது. வரும் வழியில் அவள் கணவனையும் கொண்டுபோனது.

"உன்னுது இனி வெறும் கத்தரிக்காய்தான், அக்கா," என்று அக்கரை மாரப்பன் சிரித்தான்.

எல்லை பார்க்க வந்த அதிகாரியிடம் பூவாயி, "ஐயா, இது எங்க ஆறு இல்லே. அது தெக்கால இருக்கு," என்றாள்.

"காட்டுங்கம்மா."

வயலுக்குத் தெற்கே, காய்ந்து கிடந்த மணலில் அவள் முன்னால் இறங்கினாள். நடுவில் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக ஊன்றி நடந்தாள்.

"பார்த்து வாங்கய்யா, இங்கே இழுக்கும்."

அதிகாரி சற்று நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.