இருவருக்கே அனுமதி

பிரசவ வலியில் துடித்த யாழினியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவள் கணவன் பூவரசன் ஓட்டிவந்த மின்ஸ்கூட்டர், மேம்பாலத்து நடுவில் தானாகவே நின்றது.

“மூன்று இதயங்கள் துடிக்கின்றன. இருவருக்கே அனுமதி. தயவுசெய்து ஒருவர் இறங்கவும்” என்றது வண்டி.

ட்ரிபிள்ஸ் போகிறவர்களைப் பிடிக்க வந்த ஏற்பாடு அது. கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு, டாக்டர் குறித்த தேதி வரைக்கும். அந்தத் தேதி சற்றுமுன் நள்ளிரவோடு முடிந்துவிட்டது, பிள்ளைதான் பிறக்கவில்லை.

“வயித்துல இருக்கறது எப்படி எறங்கும், சனியனே!” பூவரசன் கைப்பிடியில் ஓங்கிக் குத்தினான். போகிற வண்டிகளுக்கெல்லாம் கைகாட்டினான். பாலத்தில் நிற்க எந்த வண்டிக்கும் அனுமதியில்லை; எதுவும் நிற்கவில்லை.

வெகுநேரம் கழித்து யாழினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஏனுங்க, உள்ள அசைவே இல்லீங்க.”

ஸ்கூட்டர் இனிமையாக மணியடித்தது. “ஒருவர் இறங்கிவிட்டார். ஒத்துழைப்புக்கு நன்றி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.