ஜன்னலோரப் புதர்

"எல்லாத்தையும் இடுப்பளவுக்கு வெட்டு. ஜன்னல் ஓரத்துல நிக்கற அந்த ஒண்ணை மட்டும் தொடாதே."

பெரியவர் சொன்னது தோட்டக்காரருக்குச் சரியாகப் படவில்லை.

"ஐயா, இருக்கறதுலேயே மோசமா மண்டிக் கிடக்கறது அதுதான். ஜன்னலையே மூடிடுச்சு. உள்ள பகல்லயே விளக்குப் போட்டிருக்கீங்க."

"கரன்ட் பில் நீயா கட்டறே?"

"அதுக்கில்லைங்க..."

"வெட்டச் சொன்னதை வெட்டு. வியாக்கியானம் வேண்டாம்."

பெரியவர் உள்ளே போய்விட்டார்.

'சரியான சிடுமூஞ்சி' என்று முணுமுணுத்தபடி தோட்டக்காரர் கத்தரியை எடுத்தார்.

இரண்டு பெரிய மரங்கள் வெயிலை மறித்துக்கொண்டு நின்றன. வெளிச்சத்துக்கு ஏங்கி, செடிகளெல்லாம் ஒல்லி ஒல்லியாக நீண்டுபோயிருந்தன. கணுவுக்கு ஒரு விரல் மேலே விட்டு வெட்டிக்கொண்டே வந்தார். நாலு மணிக்குள் ஜன்னல் ஓரம் வந்தாயிற்று.

"யாரு, தோட்டக்காரரா?"

புதருக்குப் பின்னாலிருந்து குரல். இலைகளை விலக்கிப் பார்த்தார். கட்டிலில் பெரியவரின் மனைவி, படுத்த படுக்கையாக.

"ஆமாம்மா. எத்தனை நாளா இப்படி?"

"இடுப்பெலும்பு முறிஞ்சு எட்டு மாசம். காத்தாவது வரட்டும்னு கட்டிலை ஜன்னலோரமாப் போட்டார்."

"காத்து வந்து என்ன பண்ண? இதை வெட்டினா வாசல் கேட் வரைக்கும் பளிச்சுனு தெரியும்."

"வேண்டாம்ப்பா. அவர் சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்."

 பிறகு அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"கேட் தெரியலேன்னா போகுது. காது கேக்குதே. தினம் அஞ்சு மணிக்குப் பையன் வருவான்."

"உள்ள வந்து பார்ப்பாரா?"

"எங்கே? என்கூட சண்டை போட்டுட்டு, இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கவே மாட்டேன்னு போனவன். நான் விழுந்ததுக்கு அப்புறம் கேட் வரைக்கும் வர்றான். அப்பாகிட்ட என்னைப் பத்தி விசாரிச்சுட்டு அப்படியே திரும்பிடுவான்."

"உங்க முகத்தைக்கூடப் பார்க்காமலா?"

"வீம்பு. என் வயித்துல பொறந்தவன்தானே!"

சிரிக்கத்தான் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

தோட்டக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையைத் தூரத்திலிருந்தாவது ஒரு தடவை பார்க்கட்டுமே! அதற்கும் குறுக்கே ஒரு புதரை வளர்த்து வைத்திருக்கிறாரே, இவரும் ஒரு மனுஷனா?

அந்த அம்மா கண்ணயர்ந்தார். உள்ளறையில் பெரியவரின் குறட்டை.

தோட்டக்காரர் யோசிக்கவில்லை. திட்டினால் திட்டட்டும். மற்றதையெல்லாம் இடுப்பளவுக்கு வெட்டியவர், இதை முழங்கால் அளவுக்கு இறக்கினார்.

வெட்டின வேகத்தில் ஒரு கொப்பு ஜன்னல் வழியாகக் கட்டில் மேலேயே விழுந்தது. துடைப்பத்தோடு பின்வாசல் வழியாக அறைக்குள் ஓடினார்.

அந்த அம்மா விழித்திருந்தார். கட்டில் முழுக்க வெளிச்சம். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுருங்கிப்போச்சா? விளக்குல தெரியவே இல்லையே" என்று சிரித்தார். பிறகு, "யார் வெட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லலைம்மா, நானேதான். அஞ்சு மணிக்கு உங்க பையனைக் கண்ணாரப் பாருங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

மணி ஐந்து. முன்வாசல் கதவு திறந்தது. தூக்கம் கலையாத முகத்தோடு பெரியவர் இறங்கினார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கேட்டுக்குப் போனார். அதைக் கிறீச்சென்று இழுத்தார்.

"வாடா. உள்ள வந்துட்டுத்தான் போயேன்... சரி சரி, உன் இஷ்டம். மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறா. நேத்து நல்லாத் தூங்கினா. நீ கேட்டேன்னு சொல்றேன்... கட்டாயம் சொல்றேண்டா."

கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலித் தெருவைப் பார்த்து, வீட்டுக்குள் கேட்கிற மாதிரி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார் பெரியவர்.

தோட்டக்காரர் வெட்டின புதரைத் திரும்பிப் பார்த்தார். நிழலில் நிற்கிற செடி. மறுபடி அந்த உயரம் வர இரண்டு வருஷமாவது பிடிக்கும்.

"அம்மா... நான் தெரியாம..."

"பதறாதேப்பா. எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியுமா?"

"என் பிள்ளை மெதுவாப் பேசற ஆளா? வாயைத் திறந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். எட்டு மாசத்துல அவன் குரல் ஒரு தடவைகூட என் காதுல விழலையே."

கேட்டை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா தோட்டக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கிரம், அவர் திரும்பறதுக்குள்ள கட்டிலைத் திருப்பு. என் முகம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு சொல்லிக்கறேன். நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா, நாளைக்கு அஞ்சு மணிக்கு அந்த மனுஷன் யார்கிட்டப் போய்ப் பேசுவார்?"