இருபத்து நான்கு சிப்பிகள்

என் சிப்பிக் கூடையில் கை வைப்பது யார் என்பது அன்று காலையில்தான் கண்ணில் பட்டது. என் மனைவியின் அண்ணன்.

அந்த ஆளோடு நான் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. என் படகை முதல் முதலாகத் தண்ணீரில் இறக்கிய அன்று, "மாப்பிள்ளை, மிதக்கிறது படகா, பெயிண்டா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவர். அதை மறக்கிற ஆள் நான் இல்லை.

நேராகப் போய் சிப்பி வளர்ப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். மதியமே செயலாளர் எல்லாரையும் பேக்கிங் கொட்டகைக்கு வரச் சொல்லிவிட்டார்.

நான் எழுந்து பேசினேன். இந்த முகத்துவாரத்தில் என் சிப்பி மாதிரி யாரிடமும் கிடையாது. அடுத்த வாரம் விற்பனை. திருடு போகக் கூடாது என்றுதான் படகையே கூடைகளுக்கு நேர் மேலே கட்டி வைத்திருக்கிறேன். படகும் லேசுப்பட்டதில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை செம்புப் பெயிண்ட் அடிக்கிறேன். அடிப்பலகையில் ஒரு பூச்சி ஒட்டாது. ஆய்வாளரோடு சண்டை போட்டே இரண்டு சிவப்பு முத்திரை வாங்கியவன் நான். மூன்றாவது விழுந்தால் உரிமம் போய்விடும். அதற்கே பயப்படாதவன் இந்த ஆளுக்கா பயப்படுவேன் என்று கேட்டேன்.

செயலாளர் அந்த ஆள் பக்கம் திரும்பினார். "எடுத்தீங்களா?"

"எடுத்தேன். மூணு மாசத்துக்கு முன்னால இருபத்து நாலு. இன்னிக்குக் காலையில ஆறு."

"திருடினாலும் கணக்கு சுத்தமா இருக்கே" என்றார் ஐஸ்காரர். கொட்டகையே சிரித்தது.

அந்த ஆள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஆறு சிப்பியை எடுத்துக் கத்தியால் திறந்து மேசையில் வைத்தார். சதை பச்சையாக இருந்தது. பழைய செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடிக்குமே, அந்தப் பச்சை.

நான் சிப்பி விற்கிறவன். திறந்து பார்க்கிற வழக்கம் இல்லை.

ஆற்றின் மேற்புறம் இருக்கிற பட்டறைக் கழிவாக இருக்கும் என்றார் ஒருவர். அப்படியானால் எல்லார் சிப்பியும் அல்லவா பச்சையாகியிருக்க வேண்டும் என்று அந்த ஆள் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒட்ட வர்ற உயிரைக் கொல்லத்தான் அந்தப் பெயிண்ட், மாப்பிள்ளை. அது தண்ணியில கரைஞ்சுக்கிட்டே இருக்கு. சிப்பி நாள் முழுக்கத் தண்ணியை இழுத்து இழுத்து வடிகட்டுது. கீழ தொங்குறது உங்க சிப்பின்னு பெயிண்டுக்குத் தெரியுமா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

இன்னொரு பையைத் திறந்தார். பழைய இருபத்து நாலில் மிச்சம். மூன்று மாதமாக அவருடைய இடத்தில், கடலை ஒட்டிய சுத்தமான தண்ணீரில் தொங்கியவை. சதை பால் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. சிலதைச் சோதனைக்குக் கொடுத்தபோது, செம்பு ஏறுவது சீக்கிரம், இறங்குவது ரொம்ப மெதுவாக என்று பரிசோதனைக்கூடத்து அம்மா சொன்னாராம்.

"படகை நகர்த்துங்க. கூடையெல்லாம் என் இடத்துக்குக் கொண்டாந்து கட்டுங்க. பச்சை முழுசா இறங்கினப்புறம் வித்துக்கலாம். என் கயிறெல்லாம் காலியாத்தான் கிடக்கு."

"ஏன் காலி? இந்த வருஷம் உடம்பு வளையலையோ?" என்றேன். விடுவேனா?

அவர் பரிசோதனைத் தாளை நாலாக மடித்து என் கையில் மட்டும் கொடுத்தார்.

எனக்கு அதிகம் படிக்க வராது. பெயர் படிக்க வரும். தாளின் மேலே, நான் இரண்டு தடவை வாங்கிப் பழகிய அதே சிவப்பு முத்திரை. 'இந்தப் பருவம் விற்கத் தடை.' அதற்குக் கீழே, சிப்பி யாருடையது என்று எழுத வேண்டிய இடத்தில், அவர் தன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்.

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். "புகாரை எழுதணும். எடுத்தது யாருன்னு போடறது?"

நிமிர்ந்து நின்றேன். கொட்டகைக் கடைசியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"என் மச்சான்னு போடுங்க."